தாவாரத்துக்கு ஒரு கரைமடிப்பு

நான் தையல்காரி. கிளிநொச்சி வட்டக்கச்சியில் வீட்டு விறாந்தையில் மெஷின் போட்டு, பள்ளிக்கூட யூனிபோமும் சட்டையும் தைத்துத்தான் சீவியம் போகிறது. கூரை வேலை என் தொழில் இல்லை. ஆனால் இப்போது அயலில் யார் கூரை போட்டாலும், "அக்கா, ஒருக்கா வந்து தாவாரத்தைப் பாத்திட்டுப் போங்கோ" என்று கூப்பிடுகிறார்கள். கூரையின் கீழ் விளிம்பில், மழைத் தண்ணீர் பலகையில் ஒட்டாமல் சொட்டி விழ அடிக்கிற தகரப் பட்டியின் கதைதான் அது. ஏணியில் நின்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு 2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் எழும்பியது. தந்தது ஐந்தரை லட்சம், கட்டி முடிக்கப் போனது அதைவிடக் கூட. என் சங்கிலி அடகுக்குப் போய்த்தான் கூரைக்கு ஓடு வந்தது. முதிரைப் பலகை போட ஆசை, கையில் காசில்லை. தாவாரத்தில் சலாகை (கூரையின் சரிவு மரம்) நுனிகளை மறைத்து அடிக்கும் பலகைக்கு, வலன்ஸ் போட் என்பார்களே, அதற்கு மலிவான மரம்தான் வாங்கினோம். பெயின்ற் அடித்ததும் வடிவாகத்தான் இருந்தது.

மூன்று மாரி போனது. 2016 தையில் பொங்கலுக்கு ஒட்டறை அடிக்க ஏறினேன். பலகையின் கீழ்க்கரையில் பெயின்ற் கொப்பளித்திருந்தது. விரலால் அமத்தினேன். நகம் பாணுக்குள் போவது போல உள்ளே போனது. பின்பக்கம் கறையான் புற்று, சலாகை நுனிவரை.

கூரை ஒழுகவில்லை. ஓடு ஒன்றும் உடையவில்லை. அப்படியென்றால் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

செம்பில் தண்ணீர் எடுத்து மிக மெதுவாகச் சரித்துப் பாருங்கள். நேரே நிலத்தில் விழாது. விளிம்பைத் தாண்டி, செம்பின் வயிற்றோடு ஒட்டி வடிந்து முழங்கை வரை நனைக்கும். அதையே வேகமாக ஊற்றினால் எட்டப் போய் விழும். ஓட்டின் விளிம்பிலும் இதுதான் நடக்கிறது. அடைமழை எட்டப் பாய்ந்துவிடும். நாள் முழுக்கப் பெய்கிற தூறல்தான் ஓட்டின் அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு பின்னுக்கு வந்து பலகையைப் பிடிக்கும். அதோடு வாடைக் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே "எங்கடை கூரை வெள்ளத்துக்கே தாங்கினது" என்று யாரும் பெருமைப்பட்டால் நான் கணக்கில் எடுப்பதில்லை. தூறலுக்கு என்ன செய்தது என்றுதான் கேட்பேன்.

பழைய ஆட்களுக்கு இது தெரியாததில்லை. அம்மம்மாவின் கிடுகு வீட்டில் தாவாரம் மண்சுவரை விட்டு எவ்வளவோ வெளியே, தாழ்ந்து தொங்கும். ஒவ்வொரு ஓலை நுனியிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு. சுவருக்கு ஒரு துளி வராது. நல்ல மேசனைப் பிடித்தால், யன்னலுக்கு மேலே கொங்கிறீற் தட்டுப் போடும்போது அதன் அடியில் விளிம்போடு விரல் அகலத்தில் ஒரு சின்னக் கான் இழுத்துவிடுவார். ஒட்டி வருகிற தண்ணீர் அந்தக் கானைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். ஓட்டுக்கும் தகரத்துக்கும் வந்தபோதுதான் இந்தப் புத்தி எங்களை விட்டுப் போனது.

என் தம்பி அமெரிக்காவில் கூரை வேலை செய்கிறான். பலகையைப் படம் பிடித்து அனுப்பினேன். "அக்கா, டிறிப் எட்ஜ் அடிக்கேல்லையோ?" என்றான். அங்கே தார் பூசிய சிங்கிள் ஓடுதான் வழக்கம். விளிம்பில் வளைந்த தகரப் பட்டி அடித்த பிறகுதான் சிங்கிளே போடுவார்களாம். அந்த நாட்டு வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதிக்கோவையில், 2012 பதிப்பிலிருந்து, சிங்கிள் கூரைக்கு அது கட்டாயம். பட்டி கூரைப் பக்கம் 2 அங்குலமாவது ஏற வேண்டும், கூரைப் பலகைக்குக் கீழே கால் அங்குலமாவது இறங்க வேண்டும், பட்டிக்கு மேல் பட்டி 2 அங்குலம் ஏறி மேவ வேண்டும், ஆணிக்கு ஆணி 12 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. எங்கள் கூரை வேறு, ஆனால் இந்த நாலு கணக்கும் இங்கேயும் செல்லும். இங்கே ஹாட்வெயார் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் விளங்காது, ஆயத்தமாக வளைத்ததும் கிடைக்காது. நான் சொட்டுத் தகரம் என்கிறேன். நாங்களே வெட்டி நாங்களே வளைக்க வேண்டியதுதான்.

வெட்டுக் கணக்கு

26 கேஜ் நாகம் (சிங்க்) பூசிய பிளேன் தகரம் வாங்குங்கள். அரை மில்லிமீற்றர் தடிப்பு வரும். மெல்லியதை வாங்கினால் முதல் குரங்கு குதித்ததும் நெளிந்துவிடும். எங்கள் பக்கம் கூரைக்கு எமன் மழையை விடக் குரங்குதான்.

தகரம் 8 அடிக்கு 4 அடி. பட்டிக்கு எவ்வளவு அகலம் வேண்டும்? கூரைப் பக்கம் ஏற 3 அங்குலம், பலகை முன்னால் இறங்க 3 அங்குலம், கீழ் நுனியில் வெளியே உதைத்து நிற்க அரை அங்குலம், கரைமடிப்புக்கு அரை அங்குலம். கூட்டினால் 7. ஆனால் 48 அங்குலத் தகரத்தில் 7 அங்குலப் பட்டி ஆறுதான் வரும், 6 அங்குலத் துண்டு வீணாகும். எங்கள் வீட்டில் ஒரு தாவாரம் 26 அடி. மேவலோடு கணக்குப் பார்த்தால் முன்னும் பின்னும் ஏழு பட்டி வேண்டும். அந்த ஏழாவதுக்காக இன்னொரு தகரம் வாங்குவதா?

துணி வெட்டுகிறவள் அதற்குச் சம்மதிப்பாளா? இறங்குகிற பக்கத்தை 2¾ அங்குலமாக்கினேன். பட்டி 6¾ ஆனது. ஏழு பட்டியும் ஒரே தகரத்தில் வந்து, முக்கால் அங்குலம் மிச்சமும் விழுந்தது. முக்கோண முகப்பின் சரிவுகளுக்கு மட்டும் தனித் தகரம் எடுத்தோம்.

அடையாளம் போடப் பென்சில் வேண்டாம், அதிலும் சிங்க்-அலுமினியம் பூசிய தகரம் என்றால் வேண்டவே வேண்டாம். பென்சில் கரி பட்ட கோடு மழையில் நனைய நனைய அந்தக் கோட்டிலேயே பூச்சை அரித்துவிடும். நான் தையல் சோக்கால்தான் கீறினேன். வெட்ட கிறைண்டரும் வேண்டாம். பொறி பறந்து விழுகிற இடமெல்லாம் நாகப்பூச்சு கருகி, இரண்டு மாதத்தில் செம்புள்ளி கிளம்பும். தகரக் கத்தரியால் வெட்டுங்கள். கையுறை போடாமல் தகரம் வெட்டியதற்கு என் இடது பெருவிரல் இன்றைக்கும் சாட்சி.

வளைப்பு

எட்டடி நீளத்தில் இரண்டு எல்-இரும்பு, நாலு ஜீ கிளாம்ப், ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்). இவ்வளவுதான் கருவி. தகரத்தை இரண்டு இரும்புக்கும் நடுவில் இறுக்கி, கொட்டாப்புளியால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுமெதுவாகத் தட்டி வாருங்கள். ஒரே இடத்தில் முழுதாக வளைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனால் பட்டி பாம்பாக நெளியும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் பூச்சு வெடிக்கும்.

முதலில் கரைமடிப்பு. பாவாடைக் கரையை வெளிப்பக்கம் மடித்துத் தைப்பவர் உண்டா? தகரத்தையும் உள்ளுக்குத்தான் மடிக்க வேண்டும். வெளியே மடித்தால் மடிப்பு ஒரு பை மாதிரி வாயைத் திறந்து, ஓடி வருகிற தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும். இன்னொன்று, மடிப்பை அடித்து ஒட்டவும் கூடாது. ஒரு ரூபாய்க் குத்தி நுழையும் இடைவெளி இருக்கட்டும். இறுக்கி நசுக்கினால் பூச்சு பிளந்து, இடுக்கில் ஈரமும் நின்றுவிடும். வெட்டிய ஓரத்தில் நாகம் இல்லை, துரு அங்கேதான் பிடிக்கத் தொடங்கும். அந்த ஓரத்தை உள்ளே ஒளிப்பதற்கும், பட்டி விறைத்து நிற்பதற்கும்தான் இந்த அரை அங்குலச் செலவு.

அடுத்தது உதை. கீழ் அரை அங்குலத்தை வெளிப்புறமாகச் சரித்து விடுங்கள், நிமிர்ந்து நிற்பதற்கும் கிடையாகக் கிடப்பதற்கும் நடுப்பட்ட சரிவு. சொட்டு பலகையை விட்டு விலகி விழுவது இந்த அரை அங்குலத்தால்தான். வேலையில் எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

கடைசியாகப் பெரிய வளைவு. இதை நேர் மூலையாக மடித்துவிடுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. பலகை நேரே நிற்கிறது, கூரை சரிந்து ஏறுகிறது. இரண்டுக்கும் இடையில் இருப்பது நேர் மூலையை விட விரிந்த மூலை. கூரை 25 பாகை சரிந்தால் வளைவு 115 பாகை. நான் பாகையெல்லாம் அளக்கவில்லை. கழுத்து வெட்டுக்குப் படிவம் எடுப்பது போல, ஒரு காட்போட் மட்டையைத் தாவாரத்தில் பிடித்துக் கீறி வெட்டி, அந்த அச்சுக்குப் பட்டியை ஒப்பிட்டு ஒப்பிட்டு வளைத்தேன்.

அடிப்பு

ஆவணிக் கடைசி, புரட்டாதி நல்ல காலம். ஆனி, ஆடியில் சோளகக் காற்றுத் தூக்கி அடிக்கும். எட்டடிப் பட்டியோடு ஏணியில் நின்றால் பட்டி உங்களைக் கொண்டுபோகும். ஐப்பசி பிறந்தால் மழைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த மாதம் என்றாலும் விடியற்காலையில் தொடங்குங்கள், பத்து மணிக்குப் பிறகு ஓட்டில் கை வைக்க முடியாது. ஏணி 12 அடி உயரத்தில் சாய்கிறதென்றால் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிற்க வேண்டும், கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். முக்கியமாக, கரண்ட் வயர் வீட்டுக்கு வருகிற மூலையைப் பாருங்கள். மெயின் சுவிற்சை நிறுத்தினாலும் கம்பத்திலிருந்து வருகிற வயரில் கரண்ட் இருக்கும். அந்தப் பக்கத்தை மின்சார சபைக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பலகை உக்கியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். உக்கலுக்கு மேல் தகரம் அடிப்பது புண்ணை மூடிக் கட்டுவது போல.

ஓட்டுக் கூரையில் கீழ் இரண்டு வரிசையைக் கழற்ற வேண்டும். கள்ளிக்கோட்டை ஓடு ரீப்பரில் (சலாகைக்குக் குறுக்கே அடிக்கும் சட்டம்) கொளுவித்தான் நிற்கிறது, மேலே தூக்கி இழுத்தால் வந்துவிடும். கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்குங்கள். ரீப்பர் தாங்குகிற இடத்தில்தான் கால் வைக்க வேண்டும், ஓட்டின் நடு வயிற்றில் வைத்தால் காலோடு சேர்ந்து ஓடும் கீழே போகும். பட்டியின் மேல் பக்கத்தைப் பலகையின் தலைக்கும் முதல் ரீப்பருக்கும் மேலாகப் படுக்க வையுங்கள். இறங்குகிற பக்கம் பலகையோடு ஒட்டக்கூடாது, சின்ன விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். ஒட்டினால் தண்ணீர் இடுக்கால் மேலே ஏறும். இடைவெளி இருந்தால் காற்றும் ஓடும், கறையான் ஏறினால் கண்ணுக்கும் தெரியும்.

ஆணி மேல் பக்கத்தில் மட்டும். நாகம் பூசிய, தட்டைத் தலை ஆணி, அடிக்கு ஒன்று. முன் பக்கத்தில் ஒரு ஆணிகூட வேண்டாம். அது துளைக்குத் துளை ஒழுக்கு. அதோடு எட்டடித் தகரம் பகல் வெயிலில் ஒரு மில்லிமீற்றர் அளவு நீண்டு, இரவில் சுருங்கும். அதற்கு இடம் விடாமல் இரு பக்கமும் பூட்டினால் நடுவில் அலை எழும்பும்.

இந்த "அடிக்கு ஒன்று" எனக்குச் சும்மா வந்ததில்லை. கடைசிப் பட்டிக்கு வந்தபோது ஆணி முடிந்து, இருட்டிவிட்டது. இரண்டு அடிக்கு ஒன்றாக அடித்துவிட்டு இறங்கினேன். 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்த இரவு, அந்த ஒரு பட்டி மட்டும் விடிய விடியப் பறை அடித்தது. மற்ற ஆறும் அசையவில்லை. நாலு ஆணி மிச்சம் பிடித்ததுக்கு ஒரு இரவு நித்திரை போனது.

பட்டிகள் மேவும் இடத்தில் மேல் பட்டியின் வாய் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். எங்களுக்கு மாரி மழை வாடையோடு வடகிழக்கிலிருந்து வரும். அதனால் காற்றுக்கு ஒதுக்கான முனையில் தொடங்கி, காற்று வருகிற முனையை நோக்கி அடித்துப் போங்கள், ஒவ்வொரு புதுப் பட்டியும் முந்தியதன் மேல் 2 அங்குலம் ஏறட்டும். அடியில் போகிற பட்டியின் நுனியில் அந்த 2 அங்குலத்துக்குக் கரைமடிப்பை வெட்டி எடுத்துவிடுங்கள். சட்டையில் நாலு தையல் சந்திக்கும் இடத்தில் தடிப்பு வெட்டுவோமே, அதேதான். வெட்டாவிட்டால் மேல் பட்டி படியாமல் வாய் பிளந்து நிற்கும்.

இனி என் பெரிய முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஓட்டுக்குக் கீழே நாங்கள் பொலித்தீன் விரித்திருந்தோம், எங்கள் பக்கம் பலரும் விரிப்பதுதான். 2017 இல் முதல் தடவை பட்டி அடித்தபோது, பொலித்தீனைக் கழற்றச் சோம்பல்பட்டு, அதற்கு மேலாகவே பட்டியை அடித்துவிட்டேன். வெளியிலிருந்து பார்க்க நல்ல நேர்த்தி. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்துவிட்ட அந்த மழையில், ஓட்டிடுக்கால் இறங்கின தண்ணீர் பொலித்தீன் வழியே வழுக்கி வந்து, பட்டிக்குப் பின்னால் நேரே பலகையில் இறங்கியது. புதுப் பலகை, திரும்பவும் ஈரம். அடுத்த புரட்டாதியில் எல்லாம் கழற்றித் திரும்ப அடித்தேன். தாவாரத்தில் தகரம் கீழே, பொலித்தீன் அதன் மேலே வந்து விழ வேண்டும். முகப்புச் சரிவில் மறுவளம்: பொலித்தீன் கீழே, தகரம் மேலே. குழம்பினால், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். மேலேயிருந்து வருவது கீழே இருப்பதன் மேல் விழ வேண்டும், அதன் முதுகுக்குப் பின்னால் போகக்கூடாது. அதே காரணத்துக்காக, தாவாரத்தை முதலில் முடித்து, பிறகு முகப்புச் சரிவைக் கீழேயிருந்து மேலே அடித்துப் போங்கள். மூலையில் முகப்புப் பட்டி மேலே.

தகரக் கூரை என்றால் பட்டி சீற்றுக்கு அடியில் போகும். சரிவு குறைந்த கூரையில் இன்னொரு கைவேலையும் உண்டு. சீற்றின் பள்ளங்களின் நுனியைக் குறட்டால் கொஞ்சம் கீழ் நோக்கி வளைத்துவிட்டால் தண்ணீர் அடிப்பக்கம் திரும்பாது. அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் வெட்டவும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது. அசைக்காமல் அடியால் பட்டியைச் செருக முடிந்தால் செருகுங்கள்.

தாவாரத்தில் மழைத் தண்ணீர் பிடிக்கப் பீலி பூட்டியிருக்கிறவர்கள் பட்டியின் உதை பீலிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். பீலியின் பின்சுவர் பட்டிக்கு வெளியே போனால் மழைத் தண்ணீர் பீப்பாவுக்கு வராது, சுவருக்குத்தான் போகும். மேவல்களில் சிலிக்கன் வைக்க ஆசைப்பட்டால், வினாகிரி மணம் அடிக்கிற சிலிக்கனைத் தவிருங்கள், அந்தப் புளிப்பு நாகத்தைத் தின்னும். கடையில் நியூட்ரல் என்று எழுதியதைக் கேளுங்கள். எனக்குக் கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான் அக்கா" என்று முதலாவதைத்தான் தந்தார். ஒழுங்காக மேவியிருந்தால் சிலிக்கனே தேவையில்லை. ஈரச் சீமெந்தும் பட்டியில் படக்கூடாது, முகடு பூசும்போது சிந்தினால் காய முன்னம் கழுவிவிடுங்கள்.

பிறகு பார்க்க வேண்டியது

வருசத்துக்கு இரண்டு முறை ஏறினால் போதும், புரட்டாதியில் ஒன்று, தையில் ஒன்று. வேப்பஞ்சருகும் புளியஞ்சருகும் ஓட்டுக்கும் பட்டிக்கும் நடுவில் அடைந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், தென்னை ஈர்க்கால் கிளறி எடுங்கள். இடைவெளிக்குள் அணில் தும்பு சேர்க்கும், வேட்டைக்காரன் குளவி மண்கூடு கட்டும். அதைத் தட்டிவிடுங்கள், ஆனால் முதலில் உள்ளே குடியிருக்கிறதா என்று பாருங்கள். பலகையில் ஒரு மண்கோடு ஏறினால் கறையான். அன்றைக்கே பாருங்கள், அடுத்த பொங்கலுக்கு விடாதீர்கள். செம்புள்ளி கண்டால் உரைத்தாள் போட்டு, சிங்க் பிறைமர் தடவி, மேலே பெயின்ற். முல்லைத்தீவுக் கரையோரம் இருக்கிறவர்களுக்கு உப்புக் காற்று. அவர்கள் இதை வருசா வருசம் செய்ய வேண்டி வரலாம்.

வேலை சரியா என்று, மழைக்குப் பிறகு ஏணியில் ஏறாமலே பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். மாரி தொடங்க முதல், சட்டைக்குக் கீறுகிற நீலச் சோக்கால் பலகையின் முகத்தில், பட்டிக்குக் கீழே, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நீளமாக ஒரு கோடு போடுவேன். நல்ல தூறல் ஒன்று பெய்த மறுநாள் காலையில் முற்றத்தில் நின்று பார்ப்பேன். காற்றுக்குச் சாரல் அடித்தால் கோடு முழுக்க ஒரே மாதிரி மங்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஒரு இடத்தில் மட்டும் கோடு அறுந்து, நீலம் கீழே வழிந்திருந்தால் அதற்கு நேர் மேலே ஒரு மேவலோ மடிப்போ பிழைத்திருக்கிறது.

போன மாரியில் என் கோடு ஒரே ஒரு இடத்தில் அறுந்திருந்தது. ஏறிப் பார்த்தேன். குரங்கு ஒன்று உதையைப் பிடித்துத் தொங்கி நிமிர்த்திவிட்டிருக்கிறது. குறட்டால் திரும்ப வளைத்துவிட்டு, புதுச் சோக்குக்கட்டி எடுத்து அந்த நாலு அங்குலத்துக்கு மட்டும் கோட்டைத் திருப்பிப் போட்டேன்.